மலைவீட்டுக்குச் சிறிய கிராண்ட் பியானோ: நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பார்த்து வாங்கும் முறை

பியானோவுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஓர் ஈரப்பதமானி வாங்கி, பியானோ நிற்கப்போகும் மூலையில் வையுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மானியே போதும். காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் எண்ணைக் குறித்து வாருங்கள். மழையில் ஒரு மாதம், வெயிலில் ஒரு மாதம் குறித்தால் உங்கள் அறையின் குணம் தெரிந்துவிடும்.

பியானோ மரத்துக்கு ஒத்துவரும் ஈரப்பதம் 40 முதல் 55 சதவீதம். ஊட்டியிலோ குன்னூரிலோ பூட்டிக்கிடக்கும் வீட்டில் மழைமாதங்களில் மானி 85, 90 என்று காட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதே அறை ஜனவரி, பிப்ரவரியில் வறண்ட பகலில் 40க்குக் கீழே இறங்கலாம். கெடுதலைச் செய்வது இந்த ஏற்ற இறக்கம்தான். எப்போதும் 65ல் நிற்கும் அறையில் பியானோ பிழைத்துக்கொள்ளும். 35க்கும் 90க்கும் நடுவே ஆடும் அறையில் பிழைக்காது.

எந்த மாதத்தில் அளக்க வேண்டும் என்பது ஊரைப் பொறுத்தது. ஊட்டிக்கும் அதன் மேற்கே கூடலூர் வரைக்கும் தென்மேற்குப் பருவம்தான் பெரிய மழை, ஜூன் முதல். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம் அடித்து ஊற்றும். கோடை விடுமுறையில் மேலே வந்து, மே மாத வெயிலில் அறையைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஈரம் ஏறினால் உள்ளே நடப்பது இது. சவுண்ட்போர்டு என்பது கம்பிகளின் ஒலியைப் பெருக்கும், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கனமுள்ள ஸ்புரூஸ் பலகை. ஈரத்தை உறிஞ்சினால் அது உப்பி மேலே புடைக்கும். அதன்மேல் நிற்கும் பிரிட்ஜ் என்ற மரத்துண்டு, தன்மீது கிடக்கும் கம்பிகளைத் தூக்கும். கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும். வறண்டால் எல்லாம் தலைகீழ். பலகையின் நடுப்பகுதி ஓரத்தைவிட அதிகம் அசைவதால் சுருதி எல்லா இடத்திலும் ஒரே அளவில் ஏறாது. அதனால்தான் மழைக்காலப் பியானோ மொத்தமாக உயர்ந்த மாதிரி கேட்காமல் கோணலாகக் கேட்கிறது. விரலால் அழுத்தும் கட்டைகளின் துளைகளில் ஒட்டியிருக்கும் கம்பளித் துணி ஊறி இறுகும், அழுத்திய கட்டை மெதுவாக எழும். கம்பியை அடிக்கும் ஹேமர்களின் அச்சுத் துணியும் அப்படியே. கடைசியாகத் துரு. அது வந்தபின் போவதில்லை.

எவ்வளவு குட்டை வரை போகலாம்

கச்சேரி மேடைகளில் நிற்பது 274 செ.மீ. நீளமுள்ள கிராண்ட். வீட்டுக்கென்று விற்கும் பேபி கிராண்டுகள் 150 முதல் 170 வரை. அகலம் மட்டும் எல்லாவற்றிலும் ஏறக்குறைய 146 முதல் 150 செ.மீ.தான், 88 கட்டைகளை அதற்குள் அடக்கியாக வேண்டுமே. நீளம் குறையும்போது அடி வாங்குவது கம்பிகள், அதிலும் இடக்கோடிக் கம்பிகள்.

பெரிய பியானோவில் கடைசி இடப்பக்கக் கட்டையின் கம்பி சுமார் 2 மீட்டர். பேபி கிராண்டில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அதே 27.5 ஹெர்ட்ஸ் சுருதியைப் பாதி நீளத்தில் எடுக்க வேண்டுமானால் தாமிரத்தைத் தடிமனாகச் சுற்றிக் கம்பியைக் கனமாக்க வேண்டும். குட்டையும் தடிமனுமான கம்பி வளைய மறுக்கும். அதன் மேற்சுரங்கள் சரியாக இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று விழாமல் சற்று ஏறி நிற்கும். காதுக்கு அது சுரமில்லாத 'டொம்' என்று கேட்கும். சுருதி சேர்க்கும் எந்த டியூனரும் இதைச் சரிசெய்ய முடியாது, கணக்கே அப்படி.

கண்ணில் படும் மாடல்களில் யமஹா ஜிபி1கே 151 செ.மீ., 261 கிலோ. கவாய் ஜிஎல்-10, 153 செ.மீ., 282 கிலோ. ஸ்டெயின்வேயின் மிகச் சிறிய கிராண்டான எஸ் 155 செ.மீ. அடுத்த படியில் யமஹா சி1எக்ஸ் 161 செ.மீ., 290 கிலோ. கவாய் ஜிஎல்-30, 166 செ.மீ. காகிதத்தில் 10 செ.மீ. வித்தியாசம் அற்பமாகத் தெரியும். இடக்கோடியில் இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) வாசித்தால் தெரியும் அது அற்பமில்லை என்று. இடமும் பணமும் விட்டால் 160க்கு மேல் போங்கள். 150க்கும் குறைந்த கிராண்டை வாங்குவதைவிட 131 செ.மீ. உயரமுள்ள நல்ல அப்ரைட் (கம்பிகள் நெட்டுக்குத்தாக நிற்கும் பியானோ) வாங்கலாம். யமஹா யூ3 அந்த உயரம்தான். குட்டிக் கிராண்டுக்கு அதன் பேஸ் (இடப்பக்கத் தாழ்ந்த ஒலி) குறைந்துபோகாது. வரவேற்பறையில் மூடி திறந்து நின்றால் அழகு என்பதற்காக வாங்குகிறவர்களுக்கு இந்தப் பேச்சு உதவாது, அது வேறு கணக்கு.

அப்படியானால் கிராண்ட் எதற்கு? ஆக்ஷனுக்கு, அதாவது கட்டையின் அசைவை ஹேமருக்குக் கொண்டுபோகும் பொறியமைப்புக்கு. 1821ல் எரார் காப்புரிமை பெற்ற இரட்டை எஸ்கேப்மென்ட் அமைப்பில், கட்டை முழுதும் மேலே வராமலே அதே சுரத்தை மறுபடி அடிக்கலாம். அப்ரைட்டில் கட்டை பெரும்பகுதி எழுந்தாக வேண்டும். இடது பெடல் கிராண்டில் கீபோர்டையே சற்று நகர்த்தி ஒலியின் நிறத்தை மாற்றும். அப்ரைட்டில் ஹேமரைக் கம்பிக்கு அருகே கொண்டுவருவதோடு சரி. பிள்ளை மேல்நிலை கிரேடு தேர்வுகளுக்குப் போகிறான் என்றால் இந்த வித்தியாசம் விரலுக்குத் தெரியும். ஆரம்பக் கிரேடுகளில் தெரியாது.

கவாய் தன் ஆக்ஷனின் முக்கிய பாகங்களை கார்பன் இழை கலந்த ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்கிறது. மரம்தான் உயர்வு என்று நினைப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். நம் மலைக்கு அது ஒரு சாதகம், உப்பாது. ஆனால் அச்சுத் துணியும் கட்டைகளும் சவுண்ட்போர்டும் அதிலும் உண்டு, ஆகவே ஈரக்கவலை அதோடு தீர்ந்துவிடாது.

கடையில் வாசித்துப் பார்க்கும்போது

முதலில் மூடியைத் திறந்து, தாமிரச் சுற்றுக் கம்பிகள் முடிந்து வெறும் எஃகுக் கம்பி தொடங்கும் இடத்தைக் கண்ணால் பாருங்கள். அந்த எல்லைக்கு இரு பக்கமும் ஆறு ஆறு கட்டைகளை வரிசையாக, ஒரே அழுத்தத்தில் வாசியுங்கள். குட்டைக் கிராண்டின் பலவீனம் இங்கேதான் வெளிப்படும். ஒரு பக்கம் கரகரத்த கனமும் மறுபக்கம் மெலிந்த ஒலியுமாக இரண்டு வாத்தியம் கேட்டால் வேறொன்றைப் பாருங்கள்.

பிறகு இடக்கோடி ஆக்டேவில் ஒரு தெரிந்த மெட்டை ஒற்றை விரலால் வாசித்துப் பாருங்கள். மெட்டு புரிந்தால் தேறியது. அடுத்து, கீபோர்டின் நடுவிலுள்ள சி சுரத்துக்கு (நடு சி) மேல் இரண்டாவது ஆக்டேவில் ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பிடித்து ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். புடைப்பு இழந்த சவுண்ட்போர்டில் இந்த இடத்தின் ஒலி 'டக்' என்று அறுந்துவிடும். பழைய பியானோவில் இதை விட்டுவிடாதீர்கள்.

தொடுகையை அளக்கக் கருவி வேண்டாம், சட்டைப்பையில் பத்து ரூபாய் நாணயங்கள் போதும். ஒன்று சுமார் 7.7 கிராம். வலது பெடலை மிதித்தபடி, நடு சிக் கட்டையின் முன் விளிம்பில் ஏழு நாணயங்களை அடுக்குங்கள்: 54 கிராம். கட்டை மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். ஆறிலேயே இறங்கினாலும் சரி. எட்டு, ஒன்பது கேட்டால் ஏதோ இறுகியிருக்கிறது. பின்பு கட்டையை முழுதும் அழுத்தி, மூன்று நாணயத்தை மட்டும் வைத்து விடுங்கள். 23 கிராமைத் தூக்கிக்கொண்டு தானாக எழ வேண்டும். எழாவிட்டால் உராய்வு அதிகம். அது கடையிலேயே இருந்தால் ஜூலை மாத ஊட்டியில் கட்டை ஒட்டிக்கொண்டே நிற்கும். எட்டுப் பத்துக் கட்டைகளில் இப்படிப் பாருங்கள், கறுப்பும் வெள்ளையும் கலந்து.

குட்டைக் கிராண்டில் கட்டைகளின் உள்நீளமும் குறைவு. அச்சு விரலுக்கு அருகில் வந்துவிடும். அதனால் கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே விரல் உள்ளே போகும்போது கனம் கூடும். பி மேஜர் ஸ்கேல் மெதுவாக வாசித்தால் கை சொல்லிவிடும். ஒரே கட்டையை மிக மெல்லிய ஒலியில் வேகமாகத் திரும்பத் திரும்ப அடித்தும் பாருங்கள். சுரம் விட்டுவிட்டு வந்தால் ரெகுலேஷன் (ஆக்ஷன் பாகங்களின் சீரமைப்பு) சரியில்லை. புதுப் பியானோவானால் விற்பவர் சரிசெய்து தர வேண்டும்.

மூன்று பெடல்களில் நடுவிலுள்ளது சில சிறிய கிராண்டுகளில் பேஸ் கம்பிகளின் ஒலியை அடக்கும் டாம்பர்களை மட்டும் தூக்கும். உண்மையான சொஸ்டெனூட்டோவா என்று அறிய, வலப்பக்கம் ஒரு கார்டை (ஒன்றாக அழுத்தும் சில சுரங்களை)ப் பிடித்து, நடுப் பெடலை மிதித்து, கையை எடுங்கள். அந்தக் கார்டு மட்டும் நிற்க வேண்டும், அதன்பின் வாசிப்பது நிற்கக் கூடாது.

பங்களாப் பியானோக்கள்

எஸ்டேட் பங்களா விற்கும்போதும் பள்ளி பழையதைக் கழிக்கும்போதும் 'வெள்ளைக்காரன் காலத்து கிராண்ட்' சல்லிசாக வரும். அதில் பெரும்பாலானவற்றை வேண்டாம் என்றே சொல்வோம். நூறு மழைக்காலம் பார்த்த மரம் அது. ஆனாலும் பார்க்காமல் தள்ளவும் வேண்டாம். டார்ச்சோடு போனால் அரை மணியில் தெரிந்துவிடும்.

இரும்புச் சட்டத்தில் விரிசல் தெரிந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். சுமார் 230 கம்பிகள் சேர்ந்து 18 முதல் 20 டன் வரை இழுப்பதை அந்தச் சட்டம்தான் தாங்குகிறது. அடுத்து சுருதி. போனில் ஒரு டியூனர் செயலியை வைத்து நடு சிக்கு மேலுள்ள ஏ சுரத்தை அடியுங்கள். 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 430 வந்தால், அரைச் சுரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இறங்கியிருக்கிறது. பல வருடம் டியூன் செய்யவில்லை என்று பொருள். மேலே ஏற்றும்போது துருப்பிடித்த கம்பிகள் அறும். கம்பி அறுவது சிறிய செலவு. டியூனிங் பின்கள் தளர்ந்திருந்தால் அது பெரிய செலவு: பின்களைப் பிடிக்கும் பலகை வறண்டு ஊறி, வறண்டு ஊறித் துளைகள் அகன்றிருக்கும், ஏற்றிய சுருதி ஒரு வாரத்தில் இறங்கும். இதை டெக்னீஷியன் பின்னின் இறுக்கத்தை அளக்கும் டார்க் (torque) ரெஞ்ச் வைத்துத்தான் சொல்ல முடியும். அவருக்கு வண்டிச்செலவு கொடுத்து அழைத்துப் போவது வீண் செலவில்லை.

பியானோவுக்குக் கீழே படுத்து, சவுண்ட்போர்டின் அடியில் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். ஓரங்களில் பலகையைத் தொடும் நூலுக்கும் நடுப்பலகைக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி தெரிய வேண்டும். தட்டையாக ஒட்டிக்கொண்டால் புடைப்பு போய்விட்டது. இந்தப் பலகையில் விரிசல் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், அதிராதவரை ஒலி கெடாது. அடிப்பட்டைகள் பலகையைவிட்டுப் பிரிந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதிர்வுச் சத்தம் அங்கிருந்துதான் வரும். பிரிட்ஜில் பின்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் மரம் பிளந்திருந்தால் விலையைப் பேச வேண்டாம், வாங்க வேண்டாம். கட்டைகளுக்கு அடியில் எலி கூடு, ஹேமர்களின் கம்பளி ஃபெல்ட்டில் பூச்சி அரிப்பு, கால்களில் கரையான் இவை மூன்றும் மலையில் சகஜம்.

இன்னொன்று. வெள்ளைக் கட்டை ஒவ்வொன்றிலும் அகலப் பகுதி முடிந்து ஒடுங்கும் இடத்தில் குறுக்கே மெல்லிய இணைப்புக்கோடும், மேற்பரப்பில் நுண்ணிய வரிகளும் இருந்தால் அது தந்தமாக இருக்கலாம். 1972ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தந்த வாணிபத்துக்குத் தடை உண்டு. எவ்வளவு பழையதென்றாலும் வக்கீலிடம் கேட்காமல் கைமாற்றாதீர்கள்.

மேலே கொண்டுவருவது

மூடியைக் கழற்றி, பெடல் சட்டத்தைக் கழற்றி, இடது முன்காலை எடுத்து, நேரான இடப்பக்கத்தின்மேல் மெல்லச் சாய்த்து நிறுத்திய பிறகே மற்ற இரண்டு கால்களும் கழற்றப்படும். கீழே நீளமான பலகை, சுற்றிலும் கம்பளி, மேலே பட்டை. இப்படி நிறுத்தினால் தடிமன் அரை மீட்டர் அளவுதான், சாதாரணக் கதவில் நுழையும். சிக்கல் கதவுக்கு அப்புறம் இருக்கும் திருப்பத்தில். ஒன்றரை மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் உயரமும் உள்ள பலகையைத் திருப்ப இடமுண்டா என்று அட்டை வெட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ரோட்டிலிருந்து வீட்டுக்குப் படி இறங்க வேண்டிய இடங்களில் படிகளை எண்ணி, படமெடுத்து, முன்கூட்டியே அனுப்புங்கள். ஆறு பேராவது வேண்டும், செங்குத்தான படிக்கு எட்டு.

நீலகிரிக்கு மேட்டுப்பாளையம் வழியும், கொடைக்கானலுக்கு வத்தலகுண்டு வழியும் போதும். மசினகுடியிலிருந்து கல்லட்டி ஏறும் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இதை ஏற்ற வேண்டாம். 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளிவண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை இருப்பதால், வண்டிக்காரரிடம் அதைப் பேசிவிடுங்கள். மூடிய வண்டியாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் இறுகச் சுற்றினால் கீழ்நாட்டு வெக்கை உள்ளே மாட்டிக்கொண்டு, குளிரில் கம்பிமேல் நீராக வியர்க்கும். கம்பளியும் அதன்மேல் தார்ப்பாயும் போதும். வீட்டில் இறக்கியதும் உடனே பிரிக்காமல் சில மணி நேரம் கம்பளியோடே விட்டால் பியானோ அறையின் குளிருக்கு மெல்ல வரும்.

நிறுத்தும் இடம்

161 செ.மீ. பியானோவுக்கு நாற்காலியோடு சேர்த்து நீளவாக்கில் இரண்டரை மீட்டர், அகலவாக்கில் ஒன்றரைக்கு மேல் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை குறைந்தபட்சம். தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு ஒரு வாரம் சுற்றி நடந்து பாருங்கள். நேரான இடப்பக்கம் உட்சுவரை ஒட்டட்டும். வெளிச்சுவர் மழையில் ஊறும். கணப்படுப்பிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் தள்ளி வையுங்கள். பழைய பங்களாக்களின் பலகைத் தளத்தில் மூன்று கால்களில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய நூறு கிலோ இறக்கும். காலுக்கடியில் கிண்ணங்கள் வைத்து, கால்கள் விட்டத்தின்மேல் வருமாறு பாருங்கள்.

ஈரத்தைக் கட்டுப்படுத்த மூன்று வழி உண்டு, மூன்றும் மின்சாரம் கேட்பவை. 15 டிகிரியில் 85 சதவீத ஈரமுள்ள காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதே காற்றின் ஈரப்பதம் 62க்கு இறங்கிவிடும். பியானோவுக்குக் கீழே பொருத்தும் டாம்ப்சேசர் போன்ற அமைப்புகளின் சூட்டுத்தண்டு செய்வது இதுதான். வறண்டால் ஈரமூட்டும் தொட்டியும் உண்டு, தானே மாறிக்கொள்ளும். எப்போதும் ஓட வேண்டும், வீடு பூட்டியிருக்கும்போதும். இரண்டாவது டிஹியூமிடிஃபையர். கம்ப்ரசர் வகை 15 டிகிரிக்குக் கீழே சுருளில் பனி பிடித்துத் திணறும். ஊட்டிக் குளிருக்கு, ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகன்ட் வகை வாங்குங்கள். மூன்றாவது அறை ஹீட்டர், ஆனால் இரவில் போட்டுக் காலையில் அணைத்தால் ஏற்ற இறக்கத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் நாப்தலின் உருண்டைகளும் திறந்த அறையில் ஈரத்துக்குப் பயன்படாது. கம்பிகளின்மேல் விரிக்கும் கம்பளி விரிப்பு ஒன்று தைத்துக்கொள்ளலாம்; மதிய மூடுபனி ஜன்னல் வழியே நுழையும் வீடுகளில் துருவை அது நிஜமாகவே தள்ளிப்போடும்.

இதில் எதையும் செய்ய வசதியில்லாத, வருடத்தில் பாதி நாள் பூட்டியிருக்கும் வீட்டுக்குக் கிராண்ட் வேண்டாம். கவாய் நோவஸ், யமஹா அவன்ட்கிராண்ட் மாதிரி, உள்ளே கிராண்ட் ஆக்ஷனும் வெளியே ஸ்பீக்கருமாக வரும் ஹைபிரிட் ஒன்று வாங்கினால் டியூனிங்கும் இல்லை, கம்பியில் துருவும் இல்லை.

டியூனர்

பியானோ வந்த அன்றே டியூன் செய்வது காசைக் கொட்டுவது. மூன்று, நான்கு வாரம் மரம் மலைக்குப் பழகட்டும். முதல் வருடம் மூன்று அல்லது நான்கு முறை, புதுக் கம்பி நீண்டுகொண்டே இருக்கும். பிறகு வருடம் இரண்டு. பருவம் மாறும் வாரத்தில் செய்யாமல், மாறி ஒரு மாதம் கழித்து, மரம் புது ஈரத்தில் நிலைத்த பின் செய்ய வேண்டும். ஊட்டிக்கு ஜூலைக் கடைசியும் பிப்ரவரியும். கொடைக்கானல், குன்னூர், கோத்தகிரிக்கு நவம்பர்க் கடைசியும் பிப்ரவரியும். தேர்வு தேதி குறுக்கே வந்தால் அதற்கு ஒரு வாரம் முன்பு கூடுதலாக ஒன்று.

டியூனர் பெரும்பாலும் கோவை, பெங்களூரு அல்லது சென்னையிலிருந்து ஏற வேண்டும், தனி வீட்டுக்கு ஒருமுறை வருவது கட்டுப்படியாகாது. பக்கத்துப் பள்ளி, சர்ச், கிளப் இவற்றில் பியானோ இருந்தால் அவர்கள் அழைக்கும் தேதியைக் கேட்டு, அதே பயணத்தில் உங்கள் வீட்டையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும். விற்கும் கடை முதல் இரண்டு டியூனிங்கை வண்டிச்செலவோடு மலையில் வந்து செய்து தருமா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 'இலவச டியூனிங்' என்று மட்டும் இருந்தால் அது கடை இருக்கும் ஊருக்குள் என்று பின்னால் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் டியூனர் கையை வைக்கும் முன் ஏயின் ஹெர்ட்ஸ், அறையின் ஈரப்பதம், தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு வருடக் குறிப்பு இருந்தால் அடுத்து எப்போது வர வேண்டும் என்று அவரால் போனிலேயே சொல்ல முடியும்.